செம்புக்கு இனி என்ன வேலை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் ஒரு மோட்டார் வைண்டிங் பட்டறையில் இருபது வருடத்துக்கும் மேலாகச் செம்புக் கம்பி சுற்றியவன் நான். எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், ஐடிஐ மாணவர்கள், வீடு கட்டுகிறவர்கள் என்று பலரும் செம்பைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். செம்பு, தாமிரம், காப்பர் மூன்றும் ஒன்றுதான். வாயில் எது வருகிறதோ அதையே எழுதியிருக்கிறேன்.

எல்லாம் ஒயர்லெஸ் ஆகிவிட்டதே, இனி செம்புக்கு வேலை குறையாதா?

தொலைபேசியில் குறைந்துவிட்டது, அது உண்மை. பிரிட்டனில் பழைய செம்புக் கம்பித் தொலைபேசி இணைப்பை 2027 ஜனவரிக்குள் நிறுத்த முடிவு செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் தன் செம்பு வலையமைப்பின் பெரும்பகுதியை 2029க்குள் கைவிடப்போவதாக அறிவித்திருக்கிறது. பேச்சும் படமும் கண்ணாடி இழைக்குள் ஒளியாகப் போகும்போது, தெருவுக்குத் தெரு செம்புக் கம்பி இழுக்க அவசியம் இல்லை.

ஆனால் கம்பியில்லாமல் போவது செய்திதான், கரண்ட் இல்லை. செல்போனுக்குக் கம்பி கிடையாது, அதை சார்ஜ் செய்ய கம்பி வேண்டும். கம்பியில்லா சார்ஜர் என்று விற்கிறார்களே, அதைப் பிரித்துப் பாருங்கள்: உள்ளே வட்டமாகச் சுற்றிய செம்புக் காயில் இருக்கும். டவர், டவருக்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்பார்மர், அதற்கு எர்த் என எல்லாவற்றிலும் செம்பு. செய்தி சுமக்கிற வேலை போனது. மின்சாரம் சுமக்கிற வேலை முன்பைவிடப் பல மடங்கு கூடிக்கொண்டிருக்கிறது.

வெள்ளிதான் சிறந்த கடத்தி என்று பள்ளியில் படித்தோம். அலுமினியம் விலை குறைவு. நடுவில் செம்பு ஏன்?

இந்த ஒரு கேள்விக்கு விடை பிடிபட்டால் மீதி எல்லாம் எளிது. 1913இல் உலக அளவில் ஓர் அளவுகோல் வகுத்தார்கள்: பதப்படுத்திய தூய செம்பின் கடத்துதிறன் 100 என்று. அந்த அளவுகோலில் வெள்ளி சுமார் 105, அலுமினியம் சுமார் 61. ஐந்து புள்ளி கூடுதலுக்காக வெள்ளி விலை கொடுக்க யாராலும் முடியாது.

அலுமினியத்துக்கு ஒரு பெரிய பலம் உண்டு. அதன் அடர்த்தி 2.7, செம்பின் அடர்த்தி 8.96. ஒரே அளவு கரண்ட் கொண்டுபோக அலுமினியக் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு ஒன்றரை மடங்குக்கும் கூடுதலாக வேண்டும், ஆனாலும் எடை பாதிதான் வரும். அதனால்தான் கம்பத்திலும் உயர்கோபுரத்திலும் போகிற ஒயர் பூராவும் அலுமினியம். மேலே இடத்துக்குப் பஞ்சமில்லை, எடைதான் பிரச்சினை.

மோட்டாருக்குள் நிலைமை தலைகீழ். கம்பி சுற்றி வைக்கும் பள்ளத்தின், அதாவது ஸ்டேட்டர் சிலாட்டின், அகலம் இவ்வளவுதான் என்று முடிந்துவிட்டது. அதற்குள் எத்தனை சுற்று, எந்த கேஜ் (கம்பியின் தடிமன் எண்) என்பதில்தான் மோட்டாரின் பலமே இருக்கிறது. அங்கே ஒன்றரை மடங்குப் பரப்புள்ள கம்பியைத் திணிக்க முடியாது. இன்னொன்று இணைப்பு. அலுமினியத்தின் மேல் உடனே ஒரு கடினமான ஆக்சைடு படலம் உருவாகும், அதில் கரண்ட் ஏறாது. சாதாரண ஈயப்பற்றும் அதில் பிடிக்காது. டெர்மினலில் முறுக்கி வைத்தால் நாளடைவில் அமுங்கி லூஸாகிச் சூடேறும். செம்பு இழுத்த இழுப்புக்கு வரும், தலைமுடி அளவுக்கு மெலியும், பற்றவைத்தால் ஒட்டும்.

இடம் தாராளமாக உள்ள இடத்தில் அலுமினியம், நெருக்கடியான இடத்தில் செம்பு. இனி வரப்போகிற தொழில்நுட்பங்கள் பெரும்பாலும் நெருக்கடியான இடங்களில்தான் நடக்கின்றன. காருக்குள், சிப்புக்குள், சர்வர் ரேக்குக்குள், கடலடி கேபிளுக்குள்.

மின்சாரக் காரில் அப்படி என்ன அவ்வளவு செம்பு?

சாதாரண பெட்ரோல் காரில் இருபது கிலோ சொச்சம் செம்பு இருக்கும். முழு பேட்டரி காரில் சுமார் 80 கிலோ. மோட்டார் வைண்டிங், தடித்த கேபிள்கள், பஸ்பார் (கரண்ட் கடத்தும் பட்டை), இன்வெர்ட்டர் எல்லாம் எதிர்பார்த்தவைதான். பலருக்குத் தெரியாதது பேட்டரிக்குள் இருக்கும் செம்புத் தகடு. லித்தியம் செல்லின் எதிர்மின்முனையில் (நெகட்டிவ்) கிராஃபைட் மாவைப் பூசி வைப்பதே ஒரு செம்புத் தாளின் மேல்தான். அதன் தடிமன் 6 முதல் 8 மைக்ரான், தலைமுடியில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். அங்கே அலுமினியம் ஏன் கூடாது என்றால், அந்த மின்னழுத்தத்தில் லித்தியம் அலுமினியத்தோடு கலந்து உலோகக் கலவையாகித் தகட்டையே தின்றுவிடும்.

சோடியம் பேட்டரி வந்தால் இது மாறும். சோடியம் அலுமினியத்தோடு அப்படிக் கலப்பதில்லை, அதனால் இரு பக்கமும் அலுமினியத் தாள் போடலாம். அது பரவினால் பேட்டரிக்குள் போகும் செம்பு குறையும்.

கார் கம்பெனிகளும் சும்மா இல்லை. மின்னழுத்தத்தை 400 வோல்ட்டிலிருந்து 800 ஆக்கினால் அதே திறனுக்குக் கரண்ட் பாதியாகும், கேபிள் மெலியும். விளக்கு, கண்ணாடி மோட்டார் போன்ற சின்ன வேலைகளுக்கான ஒயரிங்கை டெஸ்லா தன் சைபர்டிரக்கில் 12 வோல்ட்டிலிருந்து 48 வோல்ட்டுக்கு மாற்றியதும் இதே கணக்கில்தான். ஆக, ஒரு காருக்கு ஆகிற செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையலாம். ஆனால் அப்படிப்பட்ட கார்களின் எண்ணிக்கை கூடுகிற வேகம் அதைவிட அதிகம். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் தயாராகிற மின் ஸ்கூட்டர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் மோட்டாருக்குள்ளும் செம்புச் சுற்றுதான் சக்கரத்தைத் திருப்புகிறது. பெட்ரோல் ஸ்கூட்டரில் அந்த வேலையை எஞ்சின் செய்தது.

காற்றாலைக்கும் சோலாருக்கும்?

பன்னாட்டு எரிசக்தி முகமையின் கணக்குப்படி, தரையில் நிற்கும் காற்றாலைக்கும் சோலாருக்கும் ஒரு மெகாவாட்டுக்கு 3 டன்னுக்குக் கொஞ்சம் குறைவான செம்பு ஆகும். கடலுக்குள் நிற்கும் காற்றாலை என்றால் சுமார் 8 டன். கரைவரை வரும் கடலடி கேபிள்தான் இந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணம். நிலக்கரி, எரிவாயு நிலையங்களுக்கு ஒரு மெகாவாட்டுக்கு இதில் பாதிகூட ஆகாது.

நம் கடலையே வைத்துப் பார்க்கலாம். 2024இல் மத்திய அரசு அறிவித்த கடல் காற்றாலைத் திட்டத்தில் குஜராத்துக்கு 500 மெகாவாட், தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட். எட்டு டன் கணக்கில் பார்த்தால் நம் பங்குக்கு மட்டும் 4,000 டன் செம்பு. முப்பந்தலில் காற்றாலைகளுக்கு நடுவே வண்டியில் போகும்போது இறக்கைகளைத்தான் எல்லோரும் பார்ப்போம். என் கண் மேலே இருக்கும் அந்தப் பெட்டிக்குள் என்ன வைண்டிங் இருக்கும் என்று தேடும். தொழில் பழக்கம்.

ஏஐ வந்ததால் செம்புத் தேவை ஏறுகிறது என்கிறார்கள். நிஜமா?

நிஜம்தான், ஆனால் செய்திகளில் வருகிற அளவுக்குப் பெரிதல்ல. பிஎச்பி சுரங்க நிறுவனம் 2024இல் வெளியிட்ட கணிப்பில், ஏஐ ஓடும் கம்ப்யூட்டர்கள் குவிந்திருக்கும் தரவு மையங்களுக்கு அப்போது ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் டன், 2050இல் சுமார் 30 லட்சம் டன் என்று சொன்னது. மொத்தத் தேவையோடு ஒப்பிட்டால் இது ஓரத்தில் நிற்கும் தொகை. கார், கட்டடம், மின்வலை இவைதான் பெரும் வாய்.

எனக்கு ஆச்சரியம் தந்தது வேறு ஒன்று. தரவு மையம் என்றாலே கண்ணாடி இழைதான் என்று நினைத்திருந்தேன். 2024 மார்ச்சில் சிப் நிறுவனமான என்விடியா அறிமுகப்படுத்திய ஜிபி200 என்விஎல்72 ரேக்கில் (கம்ப்யூட்டர்களை அடுக்கும் அலமாரி) 72 ஏஐ சிப்புகளை ஒன்றோடொன்று இணைப்பது 5,000க்கும் மேற்பட்ட செம்பு கேபிள்கள். மொத்த நீளம் இரண்டு மைல், அதாவது மூன்று கிலோமீட்டருக்கு மேல். ஒளி இழை போட்டிருந்தால் மின்சாரத்தை ஒளியாக்கி, மறுபடி மின்சாரமாக்கும் சாதனங்களுக்கே ரேக்குக்கு 20 கிலோவாட் செலவாகியிருக்கும் என்றார்கள். தொலைதூரத்தில் ஒளியிடம் தோற்ற செம்பு, ஓரிரு மீட்டர் தூரத்தில் ஜெயித்திருக்கிறது. எவ்வளவு காலத்துக்கு என்பது வேகத்தைப் பொறுத்தது. வேகம் கூடக்கூட செம்பு கேபிள் தாக்குப்பிடிக்கும் தூரம் சுருங்கும்.

சிப்புக்குள்ளேயும் செம்பா?

ஆமாம், 1997 முதல். அதுவரை சிப்புக்குள் டிரான்சிஸ்டர்களை இணைத்த நுண்கம்பி அலுமினியம். அந்த ஆண்டு செப்டம்பரில் ஐபிஎம் செம்புக்கு மாறுவதாக அறிவித்தது. அதுவரை தயங்கியதற்குக் காரணம் இருந்தது. செம்பு அணுக்கள் சிலிக்கனுக்குள் ஊறிப் போய் அதைக் கெடுத்துவிடும். அதைத் தடுக்க டான்டலம் போன்ற ஒரு மெல்லிய தடுப்புப் படலம் போட்டு, பள்ளம் வெட்டி, அதில் செம்பை மின்முலாம் மாதிரி நிரப்பி, மேலே வழிந்ததைத் தேய்த்து எடுத்தார்கள்.

இங்கே செம்புக்கு எல்லை தெரியத் தொடங்கிவிட்டது. செம்புக்குள் ஓர் எலக்ட்ரான் எதிலும் முட்டாமல் ஓடும் சராசரி தூரம் சுமார் 40 நானோமீட்டர். கம்பியின் அகலம் அதைவிடக் குறையும்போது எலக்ட்ரான் சுவரில் முட்டிக்கொண்டே போகும், மின்தடை ஏறும். தடுப்புப் படலமும் ஓரளவுக்கு மேல் மெலியாது, அது செம்பின் இடத்தைத் தின்றுவிடும். அதனால் மிக நுண்ணிய அடுக்குகளில் ருத்தீனியம், மாலிப்டினம், கோபால்ட் ஆகியவற்றைச் சோதிக்கிறார்கள். மேல் அடுக்குகளில் செம்பு தொடரும். இங்கே நடப்பதெல்லாம் கிராம் கணக்கு, சுரங்கத்துக்கு இதனால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

மின்தடையே இல்லாத மீகடத்தி கண்டுபிடித்துவிட்டால் செம்பு தேவையே இல்லையாமே?

2023 ஜூலையில் தென்கொரியாவிலிருந்து எல்கே-99 என்று ஒரு பொருள் பரபரப்பாகப் பேசப்பட்டது. சாதாரண அறை வெப்பத்திலேயே மின்தடை இல்லாமல் கடத்தும் என்றார்கள். சில வாரங்களிலேயே உலகெங்கும் ஆய்வகங்கள் செய்து பார்த்து, இல்லை என்று முடிவுக்கு வந்தன. மின்தடை சட்டென்று இறங்கியது போலத் தெரிந்ததற்குக் காரணம் அதில் கலந்திருந்த செம்பு சல்பைடு.

நிஜமாகவே வேலை செய்யும் உயர்வெப்ப மீகடத்திகளில் புகழ்பெற்றது 1987இல் வந்த இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு. பெயரிலேயே காப்பர். சுமார் மைனஸ் 180 டிகிரியில் வேலை செய்யும், திரவ நைட்ரஜனில் முக்கி வைக்கலாம். அந்த வகை நாடாவுக்கு மேலேயும் செம்புப் பூச்சு போடுவார்கள், குளிர்ச்சி தவறினால் கரண்ட்டைத் தாங்கிக்கொள்ள. செம்பைத் துரத்த வந்த பொருளுக்கும் உள்ளே செம்பு, வெளியே செம்பு.

பூமியில் செம்பு தீர்ந்துவிடுமா?

தீராது. இதை உறுதியாகச் சொல்லலாம். 1970இல் உலகின் கையிருப்பு, அதாவது அன்றைய விலைக்கும் தொழில்நுட்பத்துக்கும் எடுக்கக்கூடியது, சுமார் 28 கோடி டன் என்று அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டிருந்தது. அதற்குப் பிறகு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலாகத் தோண்டி எடுத்தாகிவிட்டது. இன்றைய கையிருப்பு சுமார் 100 கோடி டன். தேடத் தேட, விலை ஏற ஏற, கையிருப்பு கூடிக்கொண்டுதான் வந்திருக்கிறது. இப்போது ஆண்டுக்குச் சுமார் 2.3 கோடி டன் சுரங்கத்திலிருந்து வருகிறது. அதில் கால்பங்குக்குக் கொஞ்சம் குறைவாகச் சிலி, அடுத்து காங்கோவும் பெருவும்.

நமக்கு இல்லாதது காலம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்க வேண்டும் என்றால் இதுதான் நிற்க வேண்டும். அரிசி விலை ஏறினால் அடுத்த போகத்தில் கூடுதலாக நடலாம். செம்பு விலை ஏறினால் அடுத்த ஆண்டு கூடுதல் சுரங்கம் வராது. அமெரிக்காவின் அரிசோனாவில் ரெசல்யூஷன் என்ற பெரும் படிவத்தை 1995இல் கண்டுபிடித்தார்கள். அதன் மேலே உள்ள ஓக் ஃபிளாட், சான் கார்லோஸ் அபாச்சி மக்களுக்குப் புனித நிலம். முப்பது ஆண்டு கடந்தும் அங்கிருந்து செம்பு வரவில்லை. அந்த மக்களின் இடத்தில் நின்று பார்த்தால் அவர்கள் எதிர்ப்பதில் நியாயம் இருக்கிறது. நம் குலதெய்வக் கோயில் நிலத்துக்கு அடியில் செம்பு இருக்கிறது என்றால் நாம் மட்டும் சும்மா இருப்போமா? மங்கோலியாவின் ஓயு தோல்கோயில் பெரும் படிவத்தைக் கண்டது 2001 வாக்கில். திறந்தவெளிச் சுரங்கம் 2013இல் வந்தது. அசல் செல்வம் இருக்கும் நிலத்தடிப் பகுதி உற்பத்திக்கு வந்தது 2023இல்.

ஓடுகிற சுரங்கமும் நிற்கலாம். பனாமாவின் கோப்ரே பனாமா சுரங்கத்தின் ஒப்பந்தம் அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று 2023 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, உற்பத்தி நின்றது. 2025 செப்டம்பரில் இந்தோனேசியாவின் கிராஸ்பெர்க் சுரங்கத்துக்குள் சேறு பெருக்கெடுத்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள், உலகின் மிகப்பெரிய செம்புச் சுரங்கங்களில் ஒன்று முடங்கியது. இப்போது ஓடும் சுரங்கங்களையும் திட்டத்தில் இருப்பவற்றையும் சேர்த்தாலும் 2035இல் தேவைக்கு 30 சதவீதம் குறையும் என்று பன்னாட்டு எரிசக்தி முகமை 2025இல் எச்சரித்தது. இந்தக் கணிப்பு அப்படியே நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். விலை ஏறினால் ஆட்கள் அலுமினியத்துக்குப் போவார்கள், பழைய செம்பு வெளியே வரும். ஆனால் இறுக்கம் வரும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பாறையிலிருந்து கம்பிவரை எப்படி வருகிறது? தூத்துக்குடியில் நடந்ததற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இன்றைய பெரிய சுரங்கங்கள் பலவற்றில் நூறு கிலோ பாறையில் முக்கால் கிலோ செம்புகூட இருப்பதில்லை. ஒரு டன் செம்புக்கு நூற்றைம்பது, இருநூறு டன் பாறையை உடைத்து மாவாக்க வேண்டும். அந்த மாவைத் தண்ணீரில் கலந்து காற்றை ஊதினால் செம்புத் தாது நுரையோடு மேலே ஒட்டி வரும். வடித்தெடுத்தால் 25 சதவீதம் செம்புள்ள அடர்தாது. இதற்கே தண்ணீர் ஏராளம். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் மூவாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் எஸ்கோண்டிடா, உலகின் மிகப்பெரிய செம்புச் சுரங்கம். நிலத்தடி நீர் எடுப்பதை நிறுத்தி, கடல்நீரைக் குடிநீராக்கி மலைக்கு ஏற்றித்தான் அது ஓடுகிறது.

அடர்தாதில் கந்தகமும் இரும்பும் கூடவே வரும், சிலவற்றில் ஆர்சனிக்கும். உலையில் உருக்கும்போது கந்தகம் டை ஆக்சைடு வாயுவாக வெளிவரும். அதைப் பிடித்துக் கந்தக அமிலமாக்க வேண்டும். ஒரு டன் செம்புக்கு மூன்று டன்னுக்கு மேல் அமிலம் வரும். செம்பு உருக்காலை என்பது பாதி அமில ஆலை. பிடிக்கத் தவறினால் சுற்றி இருக்கிறவர்களின் மூச்சில்தான் போய்ச் சேரும். கடைசியில் மின்பகுப்பில் 99.99 சதவீதத் தூய்மைக்கு வரும். அந்தத் தொட்டியின் அடியில் படியும் சேற்றில் தங்கம், வெள்ளி, செலினியம் கிடைக்கும்.

தாமிரபரணி என்று தாமிரத்தின் பெயரையே தாங்கிய ஆறு ஓடும் மாவட்டத்தில், ஆண்டுக்கு 4 லட்சம் டன் திறனுள்ள ஸ்டெர்லைட் ஆலை இருந்தது. காற்றும் தண்ணீரும் கெட்டுவிட்டன என்று மக்கள் நீண்ட காலம் போராடினார்கள். போராட்டத்தின் நூறாவது நாளான 2018 மே 22 அன்றும் மறுநாளும் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மே 28இல் ஆலையை நிரந்தரமாக மூட மாநில அரசு உத்தரவிட்டது. 2024 பிப்ரவரி 29இல் நிறுவனத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆலை மூடியபின் செம்பு விலை என் பட்டறையையும் தொட்டது. அதைச் சொல்லி யாராவது அந்த மக்களைக் குறை சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. செம்பு வேண்டும் என்றால் அதைச் சுத்தமாக உருக்கும் செலவும் செம்பின் விலையில் சேர்ந்தே இருக்க வேண்டும். பக்கத்து ஊர்க்காரர்களின் நுரையீரலில் அதைக் கழிக்கக் கூடாது.

இந்தியாவின் கையில் எவ்வளவு செம்பு இருக்கிறது?

தாது குறைவு. ராஜஸ்தானின் கேத்ரி, மத்தியப் பிரதேசத்தின் மலஞ்ச்கண்ட், ஜார்க்கண்டின் சிங்பூம் பகுதி ஆகியவற்றில் பொதுத்துறையான இந்துஸ்தான் காப்பர் சுரங்கம் நடத்துகிறது. நம் உருக்காலைகளுக்குத் தேவையான அடர்தாதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கப்பலில் வருவதுதான். 2018-19இல் சுத்திகரித்த செம்பிலும் நாம் நிகர இறக்குமதி நாடாகிவிட்டோம். குஜராத்தின் தகேஜில் ஹிண்டால்கோ ஆலை இருக்கிறது. முந்த்ராவில் அதானி குழுமத்தின் கட்ச் காப்பர் 2024 மார்ச்சில் தொடங்கியது, முதல் கட்டத் திறன் 5 லட்சம் டன்.

ஆனால் உருக்காலை கட்டிவிட்டால் போதாது. உலகில் இப்போது உருக்காலைகள் அதிகம், தாது குறைவு. குறிப்பாகச் சீனா கட்டிக் குவித்துவிட்டது. தாதை உருக்கிக் கொடுக்கச் சுரங்கக்காரர்கள் ஆலைக்குத் தரும் கூலி 2024க்கு டன்னுக்கு 80 டாலர் என்று பேசப்பட்டது, 2025க்கு 21.25 டாலராக இறங்கியது. ரைஸ் மில் நிறைய, நெல் குறைவு என்றால் அரைக்கும் கூலி என்னாகும், அதே கதை. தாதுக்கு வெளிநாட்டை நம்பியிருப்பதால்தான் 2023இல் இந்தியா வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் செம்பு இடம் பிடித்தது. ஜாம்பியாவில் 9,000 சதுர கிலோமீட்டரில் செம்பும் கோபால்ட்டும் தேடுவதற்கு அனுமதி வாங்கியிருப்பதும் இதனால்தான்.

கடலுக்கடியில் இருந்து எடுக்கலாமாமே?

இதில் சென்னைக்கு நேரடிப் பங்கு உண்டு. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டரில் ஆய்வு செய்யும் உரிமை இந்தியாவிடம் இருக்கிறது. அங்கே ஐந்து கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் உருளைக்கிழங்கு மாதிரி உருண்டைகள் தரையில் கிடக்கின்றன. மாங்கனீஸ்தான் அதிகம். நிக்கல், கோபால்ட், சுமார் ஒரு சதவீதம் செம்பும் உண்டு. பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் வராகா என்ற ஊர்தி 2021இல் 5,270 மீட்டர் ஆழத்தில் தரையில் நகர்ந்து காட்டியது. பெரிய சாதனை. ஆனால் அந்த உருண்டை ஒன்று வளரப் பல பத்து லட்சம் ஆண்டுகள் ஆகும், அதன் மேல் ஒட்டி வாழும் உயிர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது கொஞ்சம். வணிக அளவில் இன்னும் யாரும் தொடங்கவில்லை. செம்புக்காக மட்டும் அங்கே போவது கட்டுப்படியாகாது என்பது என் கருத்து.

செம்புச் சொம்பில் தண்ணீர் வைத்தால் கிருமி சாகுமா?

செம்புப் பரப்பில் பல பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் சாகும். 2008இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை செம்புக் கலவைகளைக் கிருமிநாசினிப் பரப்பாகப் பதிவு செய்தது. 2020இல் வெளியான ஓர் ஆய்வில் கொரோனா வைரஸ் செம்பின் மேல் நான்கு மணி நேரத்துக்கு மேல் உயிர்ப்போடு இல்லை, பிளாஸ்டிக்கிலும் எவர்சில்வரிலும் இரண்டு மூன்று நாள் தாங்கியது. மருத்துவமனைக் கைப்பிடி, கட்டில் கம்பி ஆகியவற்றுக்கு இது நல்ல வழி. சொம்பில் தண்ணீர் சரி. மோர், எலுமிச்சை, புளி வேண்டாம், செம்பு கரைந்து வந்துவிடும். பாட்டிமார் வெள்ளீயம் பூசிய பாத்திரத்தில்தானே சமைத்தார்கள்.

விலை ஏறும் என்றால் வாங்கி வைக்கலாமா?

செம்புக் கம்பியை வீட்டில் அடுக்கி வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தங்கம் மாதிரி மோதிரப் பெட்டியில் அடங்காது, விற்கும்போது பழைய இரும்புக் கடை விலைதான் கிடைக்கும். லண்டன் சந்தையில் 2024 மே மாதம் டன் 11,000 டாலரை முதன்முறையாகத் தாண்டியது. சில வாரங்களிலேயே கீழே வந்து, பிறகு மறுபடி ஏறியது. இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்க முடியாமல் கடையை மூடிய வைண்டிங்காரர்களை எனக்குத் தெரியும்.

வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் ஒயர் அசல் செம்புதானா என்று எப்படிப் பார்ப்பது?

முனையை வெட்டி, வெட்டிய முகத்தைப் பாருங்கள், பக்கவாட்டைப் பார்த்தால் போதாது. ஓரம் சிவப்பாகவும் நடு வெள்ளையாகவும் இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். இழை ஒன்றைப் பிளேடால் சுரண்டினாலும் தெரிந்துவிடும். சுருளைக் கையில் தூக்கிப் பாருங்கள், அதே அளவுச் சுருளைவிட வெகு லேசாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 694 என்ற எண்ணும் இருக்க வேண்டும். விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் என்பது நடைமுறை. சுவருக்குள் புதைக்கிற பொருள், முப்பது வருடம் உள்ளே இருக்கப் போகிறது. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

எரிந்துபோன மோட்டாரும் பழைய ஒயரும் வீட்டில் கிடக்கின்றன. என்ன செய்யலாம்?

புதுச் சுரங்கத்துக்கு இருபது வருடம் காத்திருக்க வேண்டிய உலகில், உங்கள் கொட்டகையில் கிடக்கும் அந்த மோட்டாரும் ஒரு சுரங்கம்தான். அதன் கம்பியில் இருப்பது 99 சதவீதத்துக்கும் மேல் தூய செம்பு, மலைப்பாறையில் இருப்பது முக்கால் சதவீதம்கூட இல்லை. எத்தனை முறை உருக்கினாலும் செம்பின் குணம் கெடாது. உலகம் ஆண்டுக்குப் பயன்படுத்தும் செம்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இப்போதே பழையதிலிருந்து வருகிறது. தாதிலிருந்து எடுப்பதோடு ஒப்பிட்டால் 85 சதவீதம் வரை ஆற்றல் மிச்சம்.

ஒயரை மட்டும் தயவுசெய்து கொளுத்தாதீர்கள். பிவிசி எரிந்தால் வருவது டையாக்சின் உள்ள புகை. பக்கத்தில் நின்று சுவாசிப்பது பெரும்பாலும் கடையில் வேலைக்கு நிற்கும் பையன். தோல் உரிக்கும் இயந்திரமும் அரைத்துப் பிரிக்கும் இயந்திரமும் வந்துவிட்டன, அப்படிச் செய்யும் கடையாகப் பார்த்துக் கொடுங்கள். கொளுத்தாத செம்புக்கு விலையும் கூடுதலாகக் கிடைக்கும்.

மோட்டாரைப் பொறுத்தவரை, உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகள் நன்றாக இருந்தால் ரீவைண்டிங் செய்யலாம். செய்யும்போது இரண்டு விஷயத்தைக் கேளுங்கள். பழைய காயிலைப் பிரிக்கும்போது எத்தனை சுற்று, எந்த கேஜ் என்று எழுதி வைத்தார்களா? அதே கேஜ் கம்பியைத்தான் போடுகிறார்களா? செம்பு விலை ஏறும்போது ஒரு நம்பர் மெலிந்த கம்பியைப் போட்டுச் சமாளிக்கும் பழக்கம் உண்டு. மோட்டார் ஓடும், உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் மெலிந்த கம்பியில் மின்தடை அதிகம், வெப்பமாகவே கரண்ட் போகும், லோ வோல்ட்டேஜ் வருகிற ஒரு கோடையில் மறுபடியும் எரிந்து பட்டறைக்கு வந்து நிற்கும். பழைய காயிலை எடைபோட்டு, புதிதாகச் சுற்றியதையும் எடைபோட்டுக் காட்டச் சொல்லுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது.